மறுமொழி: உலங்கு வானூர்தியின் (ஹெலிகாப்டரின்) இரு கோல்களுக்குத் தமிழ்ச்சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை பாடக்குறிப்பு அச்சகத்துக்குப் போகவிருப்பதால், உலங்கு வானூர்தியை ஓட்டும் இரு கோல்களையும் தமிழில் எப்படி அழைப்பது என்று நம்மிடையே இரண்டு வாரமாக இழுபடும் கேள்வியைப் பற்றி என் கருத்தை எழுதிவிடுகிறேன்.

விமானியின் இடக்கைப்பக்க நெம்புகோல் சுழலியின் எல்லா அலகுகளின் (சுழலும் தகடுகளின்) சாய்வையும் ஒரே நேரத்தில் ஒரே அளவால் கூட்டிக் குறைக்கிறது. இதற்குக் கண்டி நண்பர் தந்த 'ஒருங்குகோல்' எனக்கு முழு நிறைவு. 'ஒருங்கு' என்பதை வினையடியாகக் கொண்டால் இது வினைத்தொகை. ககரம் மிகாதது பிழையாகாது. வாற்சுழலியின் உதைப்பை மாற்றி, முதன்மைச் சுழலியின் மறுதாக்கத்தால் உடற்பகுதி எதிர்ப்பக்கம் சுழன்றுவிடாமல் காக்கும் காலடிக் கட்டுப்பாடுகளுக்கு 'மிதி' போதும்.

சிக்கல், விமானியின் முழங்கால்களுக்கிடையே நின்று, சுற்றிவரும் ஒவ்வோர் அலகின் சாய்வையும் அது இருக்கும் இடத்துக்கேற்ப மாற்றி ஊர்தியை வேண்டிய பக்கம் சாய்க்கும் கோலில்தான். 'சைக்கிளிக்' (cyclic) என்று ஆங்கிலத்திலேயே விடலாம் என்கிறார்கள் சிலர். வகுப்பில் அப்படிச் சொன்னபோது பாதிப் பேர் துவிச்சக்கர வண்டியை நினைத்துக்கொண்டார்கள். 'சுழற்சிக்கோல்' என்றாலோ சுழலியைச் சுழற்றும் கோல் என்று பொருள்படும். அது எஞ்சினின் வேலை.

பிஸ்கட் தகர மூடிகள் இரண்டுக்கு நடுவே பழைய பேரிங் ஒன்றைப் பொருத்தி, மேல்மூடியில் நான்கு பின்னல் ஊசிகளை நிறுத்தி, கோலின் அசைவை அலகுகளுக்குக் கடத்தும் 'சாய்தட்டு' ஒன்றின் மாதிரி செய்தேன். ஓர் ஊசி ஓர் அலகுக்கு. கீழ்மூடியை நேராக உயர்த்தியபோது நான்கும் சேர்ந்து ஏறின. அதைச் சாய்த்துப் பிடித்து மேல்மூடியைச் சுற்றியபோது, உயர்ந்த பக்கத்துக்கு வந்த ஊசி ஏறியது, கடந்ததும் இறங்கியது, அடுத்தது ஏறியது. முன்வரிசை மாணவி ஒருத்தி, "லயத்துப் பீலியில தண்ணி பிடிக்கிற மாதிரி முறை வச்சுப் போகுது சேர்" என்றாள். தோட்டத்து லயக் குடியிருப்பின் தண்ணீர்க் குழாயில் ஒருவர் பின் ஒருவராகப் பிடிக்கும் அந்த முறையிலிருந்து 'முறைக்கோல்' அங்கே பிறந்தது.

முறை என்றதும் அரசனின் செங்கோலே நினைவுக்கு வரும், வட்டமாகச் சுற்றிவருவதைக் குறிக்கும் 'வட்டணைக்கோல்' என்பதே பொருந்தும் என்கிறார் பதுளை ஐயா. வட்டணை அழகிய பழஞ்சொல்தான். ஆயினும் அகராதியைத் திறக்காமல் எங்கள் பிள்ளைகளுக்கு விளங்காது. முறையும் தூய தமிழே. தோட்டத்தில் நாள்தோறும் வாயில் புழங்குவது.

அவருடைய இன்னொரு தடை வலுவானது. அலகின் சாய்வு உச்சமடைந்து ஏறத்தாழக் கால் சுற்றுக்குப் பின்னரே அலகு மிக உயர்கிறது. எனவே மூக்கைத் தாழ்த்துவதற்குச் சாய்வை வாற்பக்கத்தில் அன்றி விலாப்பக்கத்தில் கூட்ட வேண்டும். 'முறை' இந்தப் பிந்துகையைச் சொல்வதில்லை என்பது உண்மை. 'வட்டணை'யும் சொல்வதில்லை, ஐயா. கோல் அலகுகளுக்குச் செய்வதைப் பெயர் சொன்னால் போதும். பிந்துகையைப் படம் வரைந்து நான் விளக்குகிறேன்.

இதுவரை ஐவர் முறைக்கோலுக்கும் இருவர் வட்டணைக்கோலுக்கும் இசைந்திருக்கிறார்கள். கண்டி நண்பர் இன்னும் வாய் திறக்கவில்லை. வியாழன் இரவுக்குள் வேறு சொல் வராவிட்டால் முறைக்கோல் என்றே அச்சிட்டு, வட்டணைக்கோலை அடிக்குறிப்பில் சேர்ப்பேன்.

அன்புடன்,
அட்டனிலிருந்து