புழுதி விதைப்பு நெல்: குருத்து வெளுக்குது, யூரியா போட்டும் மாறலை

முதுகுளத்தூர்க்காரன்:
வணக்கம். கரிசல் நிலம், மானாவாரி, ரெண்டு ஏக்கர். ஆவணி கடைசியில அண்ணா ஆர் 4 நெல்லைப் புழுதியில விதைச்சேன். முதல் மழைக்கு நல்லாவே முளைச்சுது. இப்ப 28 நாள் பயிர். பத்து நாளா சொல்லிக்கிற மாதிரி மழை இல்ல, கண்மாயும் வறண்டு கிடக்கு. குருத்து மஞ்சளாகி, சிலது காகிதம் மாதிரி வெளுத்துப்போச்சு. உரக்கடையில தழைச்சத்துக் குறைன்னாங்க. லேசான தூறல்ல யூரியா போட்டு ஒரு வாரமாச்சு, மாற்றமே இல்ல. விதை சரியில்லையா?

கரிசக்காட்டான்:
தம்பி, ரகத்தைக் குறை சொல்லாதீங்க. வறட்சி தாங்கணும்னே பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 2009ல வந்த ரகம் அது. அடி இலை பச்சையா இருக்கா? குருத்துல நரம்பு மட்டும் பச்சையாத் தெரியுதா?

முதுகுளத்தூர்க்காரன்:
ஆமாண்ணே, ரெண்டும் அப்படித்தான்.

கரிசக்காட்டான்:
அப்ப இரும்புச்சத்துக் குறை. தழைச்சத்துக் குறைன்னா அடி இலைதான் முதல்ல பழுக்கும். பயிர் அதுல இருக்கிறதை இழுத்துக் குருத்துக்குக் குடுத்துரும். இரும்பு அப்படி இலை விட்டு இலை நகராது. மண்ணுல இரும்பு இல்லாம இல்ல. தண்ணி நின்னா கரைஞ்சு வேருக்குக் கிடைக்கும், காஞ்ச புழுதியில துருவாக் கிடக்கும். சுண்ணாம்புக் கரிசல்னா இன்னும் மோசம். உங்க அப்பா காலத்துல இந்நேரம் கண்மாய் பெருகியிருக்கும், தன்னால பச்சை கட்டியிருக்கும்.
10 லிட்டர் டேங்குக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) 50 கிராம், யூரியா 100 கிராம், ஒரு எலுமிச்சம்பழச் சாறு. சாயங்காலம் இலை நனைய அடிங்க. பத்து நாள் விட்டு இன்னொரு தடவை. மண்ணுல தூவிராதீங்க, அதுவும் துருவாகிரும், காசுதான் தண்டம்.

முதுகுளத்தூர்க்காரன்:
போர் தண்ணி உப்பு. அதுல கலக்கலாமா?

கரிசக்காட்டான்:
வேண்டாம். கலந்ததும் செங்காவியாத் திரிஞ்சா பிரயோஜனமில்ல. ஊருணித் தண்ணியில கலங்க. கலந்ததை மறுநாளைக்கு வைக்காதீங்க.

ஊருணிக்கரை:
அடிக்கிறதுக்கு முன்னாடி நாலஞ்சு செடியை மண்ணோட தோண்டி, வேரைக் கழுவிப் பாருங்க தம்பி. நுனி கொக்கி மாதிரி வளைஞ்சு வீங்கியிருந்தா வேர்முடிச்சு நூற்புழு. புழுதி நெல்லுல அதுவும் வரும், அதுக்கும் பயிர் மஞ்சளாத்தான் நிக்கும். எங்க வயல்ல மூணு தடவை மருந்தடிச்சப்புறம்தான் வேரைப் பார்த்தோம்!

முதுகுளத்தூர்க்காரன்:
அடிச்சு எட்டு நாளாச்சு. புதுசா வந்த குருத்து பச்சையா இருக்கு, வெளுத்த இலை அப்படியேதான். ஆனா வடமேற்கு மூலையில ஒரு பத்து சென்ட் எந்திரிக்கவே இல்ல. அக்கா சொன்ன மாதிரி வேரைக் கழுவினேன், கொக்கி கொக்கியா வீக்கம்.

ஊருணிக்கரை:
அந்த மூலைக்குத் தனியா வரப்புப் போடுங்க. மழை வந்ததும் தண்ணியை வடியவிடாம நிறுத்துங்க, தண்ணி கட்டிக் கிடந்தா புழு பெருகாது. அந்த மூலை மண்ணோட மண்வெட்டியை மத்த இடத்துல போடாதீங்க, கழுவிட்டுப் போங்க.