வியன்னாவுல தனியா 4 நாள், முட்டை கூட சாப்பிடாதவளுக்கு என்ன வழி?

மாந்தோப்பு_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணம், வேலை ஓசூர்ல. செப்டம்பர்ல கம்பெனில 2 வாரம் ஜெர்மனில இருக்கற ம்யூனிக்குக்கு ட்ரெய்னிங் அனுப்புறாங்க, அது முடிஞ்சதும் 4 நாள் லீவு போட்டு ரயில்ல பக்கத்து நாடு ஆஸ்திரியாவோட வியன்னா போலாம்னு ப்ளான். கூட வர்றேன்னு சொன்ன ரெண்டு பேரும் கடைசில கழண்டுக்கிட்டாங்க, அதனால நான் மட்டும்தான். ரயில், ரூம் எல்லாம் பாத்துக்கிட்டேன், பிரச்சினையே சாப்பாடுதான். எங்க வீட்ல முட்டை கூட கிடையாது, பால் தயிர் நெய் ஓகே. ம்யூனிக்ல கூட வேலை செய்றவங்க இருப்பாங்க, எப்படியாச்சும் ஓட்டிடலாம், ஆனா வியன்னால தனியா ஓட்டல்ல போய் உக்காந்து பாஷையும் தெரியாம இதுல முட்டை இருக்கா கறி இருக்கான்னு கேக்கறத நெனச்சாலே ஒரு மாதிரி இருக்கு. உண்மைய சொன்னா ஓசூர்லயே நான் ஒரு ஓட்டல்ல தனியா உக்காந்து சாப்பிட்டதில்ல, பார்சல்தான். அம்மா வேற புளிக்காய்ச்சல், நெய் டப்பா, மாங்கா ஊறுகாய்னு இப்பவே லிஸ்ட் போடறாங்க. போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க, பன்னும் வாழைப்பழமும்தான் கதியா?

தகடூரான்:
தருமபுரிக்காரன், நானும் முட்டை தொடாத ஆளு, 2023 டிசம்பர்ல 5 நாள் தனியா சுத்துனேன். மொதல்ல ஒண்ணு, அங்க வெஜிடேரியன்னா முட்டையும் சேர்த்துதான், நம்மூரு சைவம்னு நெனச்சுக்காதீங்க. ஆனா ஆஸ்திரியால ஒரு வசதி இருக்கு. மெனு கார்டுல நெறைய இடத்துல ஒவ்வொரு ஐட்டம் பக்கத்துலயும் பொடி எழுத்துல ஏ, சி, ஜி-ன்னு இங்கிலீஷ் எழுத்து போட்டிருப்பான், என்னடா இது வைட்டமினான்னு நானே மொத நாள் முழிச்சேன். அலர்ஜி இருக்கறவங்களுக்காக போடறது, 2014 டிசம்பர்ல இருந்து ஐரோப்பிய யூனியன்ல ஓட்டல்காரங்க இத சொல்லியாகணும்னு சட்டம். ஆஸ்திரியால ஏ கோதுமை மாதிரி தானியம், சி முட்டை, டி மீன், ஜி பால். சி இருந்தா அடுத்த லைனுக்குப் போய்டுங்க, யார்கிட்டயும் வாயத் தொறக்க வேண்டியதில்ல. எழுத்து போடாத கடையும் இருக்கு, அங்க கேட்டா சொல்லுவாங்க. ம்யூனிக்ல இதே எழுத்த நம்பாதீங்க, ஜெர்மனில கடைக்குக் கடை மாறும்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, மாட்டுக்கறி அலர்ஜி லிஸ்ட்ல வராது. நான் மாட்டுனது அங்கதான். உருளைக்கெழங்கு சாலட்டு, எர்ட்எப்ஃபெல்சலாட்-னு பேரு, மயோனைஸ் இல்லாம வினிகர் வெங்காயம் போட்டு அவ்ளோ நல்லா இருந்துச்சு, சி எழுத்தும் இல்ல, ரெண்டு நாள் ரெண்டு வேளையும் அதுதான். மூணாவது நாள் ரூம் ஓனர்கிட்ட பெருமையா சொல்றேன், அந்த மனுசன் சிரிக்கறாரு, பழைய முறைல மாட்டுக்கறி வேகவெச்ச சூப்ப ஊத்தித்தான் அத கிளறுவாங்களாம். ஊட்டுல இன்னைக்கு வரைக்கும் சொல்லல. அதனால சூப்பு, சாலட்டு ரெண்டுக்கும் மட்டும் வாயத் தொறந்து கேட்டுடுங்க. சந்தேகம்னா வீகன்னு சொல்லிடுங்க, பால் போய்டும் ஆனா முட்டை, கறி, சூப்புத் தண்ணி எல்லாம் ஒரே வார்த்தைல போய்டும். ஸ்விங் கிச்சன்னு வியன்னால ஆரம்பிச்ச பர்கர் கடை ஒண்ணு இருக்கு, முழுக்க வீகன், கண்ண மூடிட்டு ஆர்டர் பண்ணலாம். நாஷ்மார்க்ட் சந்தைல ஃபலாஃபல் (கொண்டக்கடலை வடை மாதிரி), ஹம்முஸ் (கொண்டக்கடலை அரைச்ச துவையல் மாதிரி), ஊறவெச்ச ஆலிவ்னு நடந்துக்கிட்டே வயிறு ரொம்பிடும்.

களி_கீரை:
இவ்ளோ ஆராய்ச்சி எதுக்குங்க, ஒரு குட்டி ரைஸ் குக்கர், ரெண்டு கிலோ அரிசி, பருப்புப் பொடி. 4 நாளுக்கு ஓட்டல் பக்கமே போக வேணாம், காசும் மிச்சம்.

பென்னாகரம்_அக்கா:
தம்பி, ஓட்டல் ரூம்ல குக்கர் வெச்சு அதுல ஸ்மோக் அலாரம் அடிச்சா ஃபயர் இன்ஜின் வாசல்ல வந்து நிக்கும், அப்புறம் அந்த பில்லு யாரு தலைல? கிச்சன் இருக்கற ரூம்னா சரி, இல்லன்னா விட்டுடுங்க.

நான் கல்யாணமாகி வியன்னா வந்து 6 வருசம் ஆச்சு. கண்ணு, அம்மாகிட்ட மொதல்ல நெய் டப்பாவ லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லு. இந்தியால இருந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள பால் பொருள் கொண்டு வரக்கூடாது, நெய், பால்கோவா, பன்னீர் எதுவும். பச்சக் கருவேப்பிலையும் வேணாம். மாங்கா விஷயத்துல இவங்க எப்படின்னா, பழ ஈ இருக்குன்னு 2014-ல இந்திய மாம்பழத்தையே உள்ள விடாம நிறுத்தி அடுத்த வருசம்தான் தொறந்தாங்க. புளிக்காய்ச்சல், பொடி, ஊறுகாய் கொண்டு வரலாம், ஆனா 4 நாளுக்கு ஒரு சின்ன டப்பா போதும். சோறு இல்லாம முடியாதுன்னா வீனர் தீவான்னு ஒரு பாகிஸ்தானி சாப்பாட்டுக் கடை இருக்கு, காய்கறிக் குழம்பு, பருப்பு இருக்கும், எவ்ளோ வேணா சாப்பிட்டு மனசுக்குத் தோணினத குடுத்துட்டு வரலாம், பக்கத்துல கறிக்குழம்பும் இருக்கும், கரண்டி மாறாம பாத்துக்கோ.

இப்ப நீ கேட்ட இன்னொரு விஷயம், தனியா உக்கார்றது. அதுக்கு இத விட நல்ல ஊரு கெடைக்காதும்மா. இங்க காஃபிஹவுஸ்னு பழைய கடைங்க இருக்கு, ஷ்பெர்ல்னு ஒண்ணு 1880-ல இருந்து நடக்குது, பில்லியர்ட்ஸ் டேபிள் கூட கிடக்கும். ஒரு மெலாஞ்ச் சொன்னா, அது நம்ம பால் காபி மாதிரி நுரையோட வரும், சின்ன வெள்ளித் தட்டுல பக்கத்துலயே ஒரு க்ளாஸ் தண்ணியும் வரும், அந்த ஒரு காபிய வெச்சுக்கிட்டு 2 மணி நேரம் பேப்பர் படிச்சாலும் யாரும் எழுப்ப மாட்டாங்க. சுத்திப் பாத்தா பாதி டேபிள்ல ஒத்த ஆளுதான், வயசான பாட்டிங்க, படிக்கற பொண்ணுங்க. நானும் வந்த புதுசுல உன்ன மாதிரிதான், பென்னாகரத்துல பொம்பளப்புள்ள தனியா போய் டீ குடிச்சா தெருவே பாக்கும், இங்க மொத தடவ கைல செல்லப் பிடிச்சுக்கிட்டு யாருக்கோ காத்திருக்கற மாதிரி நடிச்சேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கலன்னு தெரிய ரெண்டு வாரம் ஆச்சு. பில்லு நாம கேக்கறவரைக்கும் வராது, மறந்துட்டாங்கன்னு நெனக்காத, ட்சாலென் பிட்டேன்னா வருவாங்க.

கேக்குதான் உனக்கு ஆகாது, ஸாஹர் டார்ட், கைசர்ஷ்மார்ன் எல்லாம் முட்டைதான். ஆப்பிள் ஸ்ட்ரூடல் மாவுல சில பேரு முட்டை சேக்க மாட்டாங்க, தகடூரான் தம்பி சொன்ன எழுத்தப் பாத்து வாங்கு, மேல ஊத்தற வெனிலா சாஸ் வேணாம்னுடு. தண்ணி பாட்டில் வாங்கிக் காச கரியாக்காத, 1873-லயே மலை ஊத்துத் தண்ணிய ஊருக்குக் குழாய்ல கொண்டாந்துட்டாங்க, பைப்புல புடிச்சுக் குடி.

மாந்தோப்பு_பொண்ணு:
அக்கா, செல்லப் பிடிச்சுக்கிட்டு நடிக்கறது அப்படியே நான்தான் 😂 அந்த எழுத்து விஷயம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன் அண்ணா. இன்னும் ரெண்டு டவுட். நடுவுல ஒரு ஞாயித்துக்கிழம வருது, கடை எல்லாம் மூடிருக்கும்னு சொல்றாங்க நிஜமா? ஃப்ளைட் டிக்கெட் ஆஃபீஸ்ல போடறாங்க, மீல் என்னன்னு கேட்டாங்க, ஹிந்து மீல்னு ஒண்ணு இருக்கே அதையே டிக் பண்ணச் சொல்லிடவா?

தகடூரான்:
ஐயோ வேணவே வேணாம்! ஹிந்து மீல்னா மாட்டுக்கறி மட்டும் இல்லாத அசைவம், கோழி, ஆடு, மீன் எது வேணா வரும். ஏ.வி.எம்.எல்-னு இருக்கும் பாருங்க, ஏஷியன் வெஜிடேரியன், அதான் நம்மூரு சைவம். ரெண்டு நாள் முன்னாடியே புக்கிங்ல ஏறிடுச்சான்னு பாத்துக்கோங்க. ஊறுகாய் பெரிய பெட்டில போடுங்க, கைப்பைல வேணாம், எனக்கு முன்னாடி நின்ன ஒரு பெரியம்மாவோட ஆவக்கா பாட்டில பெங்களூர் ஏர்போர்ட்லயே எடுத்து வெச்சுட்டாங்க, அவங்க அந்த பாட்டிலையே திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போனாங்க.

பென்னாகரம்_அக்கா:
ஞாயித்துக்கிழம நிஜம்தான், சூப்பர் மார்க்கெட், நாஷ்மார்க்ட் ரெண்டுமே லீவு. சனிக்கிழம சாயங்காலம் 6 மணியோட சாத்திடுவாங்க, அதுக்குள்ள தயிர், பழம், பிரெட் வாங்கி வெச்சுக்கோ, தயிர்ல ஜெலட்டின்னு எழுதிருந்தா எடுக்காத, அது மாடு, பன்னி தோல் எலும்புல இருந்து எடுக்கறது. மறந்துட்டா பெரிய ரயில் ஸ்டேஷன் உள்ள இருக்கற கடை தொறந்திருக்கும், கூட்டம் நம்மூரு சந்தை மாதிரி இருக்கும். தேதி முடிவானதும் இங்கயே ஒரு வரி போடு, ரெண்டு இட்லி ஊத்தி வெக்கறேன்.