மாமனாரின் மாடல் ரயில்கள்: மொத்தமாகக் கொடுப்பதா, பிரித்து விற்பதா?

ஹாரோ வாசு

மாமனார் சமீபத்தில் காலமாகிவிட்டார். லண்டன் ஹாரோ வீட்டுப் பரணில் அவர் சேர்த்த ரயில்கள் இருக்கின்றன. எஞ்சின் மட்டும் சுமார் 60, கோச்சும் கூட்ஸ் வேகனுமாக 200க்கு மேல். பாதி அதனதன் அட்டைப்பெட்டியில், மீதி செய்தித்தாளில் சுற்றியபடி. ஹார்ன்பி, ஹார்ன்பி டப்லோ, ரென், பாக்மன் என்று தயாரிப்புப் பெயர்கள் தெரிகின்றன. பலகை மேல் தண்டவாளம் ஒட்டிய லேஅவுட் ஒன்றும் உண்டு. ஒரு வியாபாரி பார்த்துவிட்டு எல்லாமாகச் சேர்த்து 1,800 பவுண்டு தருகிறேன் என்கிறார். அத்தைக்குப் பரண் காலியானால் போதும், ஆனால் ஏமாறவும் கூடாது. துடைத்து, ஓட்டிப் பார்த்து, ஈபேயில் போடலாமா?

டப்லோ பிரியன்

வாசு, முதல் வேலையாகத் துடைக்காதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டலாம், அவ்வளவுதான். ஈரத்துணி பட்டால் பழைய எண்ணும் கோடும் கையோடு வந்துவிடும். கிழிந்த அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டாதீர்கள், பழைய கடையின் விலைச்சீட்டையும் பிய்க்காதீர்கள். டப்லோ, ரென் இரண்டிலும் நல்ல அட்டைப்பெட்டி விலையில் பெரும்பங்கு. எந்த எஞ்சின் எந்தப் பெட்டியில் இருந்ததோ அதிலேயே இருக்கட்டும். செய்தித்தாளில் சுற்றியவற்றின் காலிப்பெட்டிகள் பரணில் வேறெங்காவது கிடக்கும், தேடுங்கள்.

1,800 என்றால் எஞ்சினுக்கு 30 பவுண்டு, மற்றதெல்லாம் இலவசம் என்று கணக்கு. 1980களில் மார்கேட்டில் செய்த சாதாரண ஹார்ன்பிதான் அதிகம் என்றால் அது மோசமான விலை இல்லை. நல்ல ரென் பத்து இருந்தால் கதையே வேறு. அதனால் விலை பேசும் முன் பட்டியல் போடுங்கள். பெட்டியின் ஓரத்தில் எண் இருக்கும்: ஹார்ன்பிக்கு ஆர் என்ற எழுத்தில் தொடங்கும், ரென்னுக்கு டபிள்யூ, பாக்மனுக்கு 32-க்குப் பின் கோடு போட்டு மூன்று இலக்கம் என்ற மாதிரி. அந்த எண்ணை ஈபேயில் தேடி, 'விற்றுமுடிந்தவை' என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். கேட்கும் விலை எதற்கும் உதவாது. 400 பவுண்டுக்குப் போட்டு வருடக்கணக்கில் விற்காமல் கிடப்பவை அங்கே ஏராளம்.

பழையது என்பதால் மட்டும் விலை ஏறாது. டப்லோவில் 'டச்சஸ் ஆஃப் மாண்ட்ரோஸ்' எங்கும் கிடைக்கும். அதே வார்ப்பில் கனடாவுக்காகச் செய்த கனேடியன் பசிபிக் எஞ்சின் அபூர்வம். 'லிமிடெட் எடிஷன்' சான்றிதழைப் பார்த்தும் மயங்க வேண்டாம்.

12 வோல்ட்

ஓட்டிப் பார்ப்பது பற்றி. டப்லோ 1938இல் மூன்று தண்டவாள முறையில் வந்தது, நடுத்தண்டவாளத்தில்தான் மின்சாரம். இரண்டு தண்டவாள வகை 1959இல்தான் வந்தது. மூன்று தண்டவாள எஞ்சினின் சக்கரங்களுக்கு இன்சுலேஷன் கிடையாது. அதை இன்றைய தண்டவாளத்தில் வைத்தால் ஓடாது, ஷார்ட் ஆகும். அடியில் நடுவே மின்சாரம் எடுக்கும் தகடுகள் இருந்தால் அது மூன்று தண்டவாள வகை, தனியே எடுத்து வையுங்கள்.

மாமனாரின் பழைய டிரான்ஸ்பார்மரை பிளக்கில் சொருகவே சொருகாதீர்கள். பல வருஷம் ஆன ஒயரின் ரப்பர் உள்ளே பொடிந்திருக்கும். புது 12 வோல்ட் டிசி கன்ட்ரோலரும் ஒரு மீட்டர் தண்டவாளமும் போதும். சக்கர விளிம்பை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு முனையால் துடைத்து, மோட்டார் அச்சின் இரு முனையிலும் ஊசிமுனை அளவு லேசான எண்ணெய் விடுங்கள். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம், பிளாஸ்டிக்கும் பெயின்ட்டும் பாழாகும். முன்னும் பின்னும் சில நொடி ஓடினால் வீடியோ எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். ஓடாவிட்டால் கழற்ற வேண்டாம். டப்லோவில் காந்தத்திற்குள்ளிருந்து ஆர்மேச்சரை (மோட்டாரின் சுழலும் பாகம்) உருவினாலே காந்தம் வலுவிழக்கும், அப்புறம் சூடாகுமே தவிர இழுக்காது. 'ஓட்டிப் பார்க்கவில்லை' என்று எழுதி விற்பது நேர்மையான வழி.

பாக்மனிலும் புது ஹார்ன்பியிலும் 'டிசிசி ரெடி' என்றால் டிஜிட்டல் முறையில் (டிசிசி) ஓட்டுவதற்கான சிப் வைக்க இடம் இருக்கிறது என்று மட்டுமே பொருள். சிப் உள்ளே இருந்தால் 'பிட்டட்' என்றிருக்கும். இரண்டையும் மாற்றி எழுதினால் திருப்பி அனுப்புவார்கள்.

ஒவ்வொரு எஞ்சினின் சேஸிஸையும் (அடிச்சட்டம்) பக்கவாட்டில் பாருங்கள். உலோகம் வீங்கி, வெடித்து, பொடிந்திருந்தால் துத்தநாகக் கலவையில் கலந்த அசுத்தத்தால் வரும் நோய். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டப்லோவில் சகஜம், 2000களில் சீனாவில் செய்த ஹார்ன்பி கிளாஸ் 31இலும் பேர்போனது. இதற்கு மருந்து இல்லை. உதிரிபாகமாகத்தான் போகும்.

ஹாரோ வாசு

நன்றி. எண்ணிப் பார்த்ததில் ரென் 9, எல்லாம் பெட்டியோடு. இவற்றை எங்கே கொடுப்பது? வரி ஏதும் உண்டா?

டப்லோ பிரியன்

ஒன்பது ரென் என்றால் அந்த 1,800ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். டப்லோவின் வார்ப்பு அச்சுகளை வாங்கித்தான் ரென் 1992 வரை செய்தது. சாதாரணமானதே பெட்டியோடு நல்ல விலைக்குப் போகும், குறைந்த எண்ணிக்கையில் வந்தவை பல நூறு பவுண்டு. அதனாலேயே போலியும் அதிகம்: சாதா எஞ்சினுக்கு வேறு நிறம் அடித்து, பெயர்ப்பலகை மாற்றி, பெட்டிக்குப் புதுச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். பெட்டிச் சீட்டின் எண், கேபினில் உள்ள எண், பெயர்ப்பலகை மூன்றும் ஒத்துப்போகின்றனவா, திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரென்னையும் பெட்டியுள்ள டப்லோவையும் பொம்மை ஏலத்துக்கென்றே இருக்கும் இடத்தில் கொடுங்கள், உதாரணமாக தார்னபியில் உள்ள வெக்டிஸ். விற்பனைக் கமிஷன், அதன் மேல் வாட், படக் கட்டணம், விற்காவிட்டால் என்ன செலவு என நாலையும் எழுத்தில் கேளுங்கள். புது பாக்மனையும் ஹார்ன்பியையும் ஈபேயில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். வேகன்களைத் தனியாக விற்றால் தபாலுக்கே உழைப்பீர்கள், எட்டுப் பத்தாகக் கட்டுங்கள். மிச்சத்துக்கு அந்த வியாபாரியையே கூப்பிடலாம். அவர் விற்கும் விலையில் ஏறத்தாழ பாதிதான் தருவார், கடை வாடகை இருக்கிறதே. ஆனால் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். முன்பு பலரும் அனுப்பிய, லிவர்பூலில் தொடங்கிய ஹாட்டன்ஸ் கடை 2024இல் மூடிவிட்டது.

அனுப்பும்போது எஞ்சினையும் டெண்டரையும் (பின்னால் வரும் கரி வண்டி) பிரித்து வையுங்கள், இல்லையென்றால் இணைப்புக் கம்பி உடையும். முதலில் அமிலமில்லாத டிஷ்யூ, பிறகு அதன் அட்டைப்பெட்டி, அதற்கு மேல் பபிள் ராப், வெளியே இன்னொரு பெட்டி. பபிள் ராப் பெயின்ட்டில் நேராகப் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும்.

வரி: இறந்த நாளில் சந்தை விலை என்ன என்பதைப் பட்டியலில் குறித்து, மற்ற சொத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். பிறகு விற்கும்போது, 6,000 பவுண்டுக்குக் கீழ் போகும் தனிப்பொருளுக்கு மூலதன ஆதாய வரி இல்லை. வருடத்தில் 30 விற்பனையோ சுமார் 1,700 பவுண்டோ தொட்டால் ஈபே வரித்துறைக்குத் தெரிவிக்கும். கடிதம் வந்தால் பதற வேண்டாம், அந்தப் பட்டியலைக் காட்டினால் போதும். உயில் அத்தை பேரில் இல்லையென்றால் விற்பதற்கு முன் வக்கீலைக் கேளுங்கள்.

12 வோல்ட்

லேஅவுட் பலகையை யாரும் வாங்கமாட்டார்கள், ஆனால் தண்டவாளத்தை அறுத்து எறியாதீர்கள். பீகோ நிறுவனத்தின் பாயின்ட்கள் (ரயிலைத் தடம் மாற்றும் தண்டவாளத் துண்டுகள்) நல்ல நிலையில் இருந்தால் ஒவ்வொன்றும் சில பவுண்டு. ஜல்லி பெரும்பாலும் நீர்த்த வெள்ளைப் பசையில்தான் ஒட்டியிருக்கும். மின் இணைப்பை எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த வெந்நீரை ஊற்றி அரைமணி ஊறவிடுங்கள், தட்டையான கத்தியால் மெல்லக் கிளப்பினால் வந்துவிடும். பாயின்ட் மோட்டாரின் ஒயரை அடியோடு வெட்டாமல் 10 செ.மீ. விட்டு வெட்டுங்கள், வாங்குபவர் ஈயம் வைத்துப் பற்றவைக்க அது வேண்டும்.