கழிப்பறைக் கதவு 2 அடி: ஓ.டி. யாரிடம் போய்ப் பேசுவது?

காவிரிக்கரை ஓ.டி. (கேள்வி)

வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (சுருக்கமாக ஓ.டி., உடல் முடியாதவர்கள் அன்றாடக் காரியங்களைத் தாங்களே செய்யப் பயிற்சி தருபவர்) ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன்.

தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட ஒருவர் எங்களிடம் பயிற்சி எடுத்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, தானே டியூப் போட்டுச் சிறுநீர் எடுப்பது, கமோடு சேரில் உட்காருவது எல்லாம் நன்றாகவே கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அப்புறம் சிறுநீர்த் தொற்றோடு திரும்பி வந்தார். கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தார்.

வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அரசுத் திட்டத்தில் கட்டிய புது வீடு, நல்ல வீடுதான். கழிப்பறைக் கதவு 2 அடி. அவருடைய வீல்சேர் சக்கர வளையத்தோடு சேர்த்து 25 அங்குலம். வாசலில் ஒன்றரை அடி உயரத்துக்குப் படி. டியூப் போடுவதெல்லாம் கூடத்துக் கட்டிலில்தான், மனைவி சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வயதுக்கு வந்த பெண் இருக்கிறாள். கூச்சத்தில் மனுஷன் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். தொற்று வராமல் என்ன செய்யும்?

அதே தெருவில் பக்கவாதம் வந்த பாட்டி வீட்டிலும் இதே அளவுக் கதவு. எல்லாம் ஒரே வரைபடம். இதை மேலே சொல்ல வேண்டும் என்றேன். “தெரபியை மட்டும் பாரும்மா, மனு கொடுக்கிறதெல்லாம் சங்கத்துக்காரங்க வேலை” என்றார் எங்கள் பொறுப்பாளர். இது என் வேலை இல்லையா? என் வேலைதான் என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

திருச்சி சீனியர்

உங்கள் வேலைதான் தங்கச்சி. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கூட்டமைப்பு 2006-லேயே மனித உரிமை பற்றிய நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒருவர் தன் அன்றாடக் காரியங்களைச் செய்ய முடியாமல் சமூகம் தடுத்தால் அதை எதிர்த்துப் பேசும் பொறுப்பு நமக்கு உண்டு என்பதுதான் அதன் சாரம். பொறுப்பாளரோடு வாக்குவாதம் வேண்டாம், இதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதிலேயே பெரிய ஆயுதம் இருக்கிறது. 24 அங்குலக் கதவு, 25 அங்குல வண்டி, அதனால் தண்ணீர் குடிக்காமை, அதனால் தொற்று, மறுபடி ஆஸ்பத்திரி. இந்தச் சங்கிலியைக் கோத்துக் காட்ட நம்மை விட்டால் ஆள் கிடையாது. டாக்டருக்குத் தொற்று தெரியும், இன்ஜினியருக்குக் கதவு தெரியும். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ‘மிகவும் சிரமப்படுகிறார்’ என்றெல்லாம் எழுதாதீர்கள், அதைப் படிப்பவர் ஐயோ பாவம் என்று மூடி வைத்துவிடுவார். கதவின் அளவு, படியின் உயரம், யார் தூக்குகிறார்கள், இதுவரை என்ன மருத்துவச் செலவு என்று எழுதுங்கள்.

அடுத்தது சட்டம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, அரசு வீட்டு ஒதுக்கீட்டில் 5 சதவீதத்தை, குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்குக் கொடுக்கச் சொல்கிறது. வீட்டை ஒதுக்கிவிட்டு, உள்ளே வண்டி போகாத கதவை வைத்தால் அந்த ஒதுக்கீட்டுக்கு என்ன பொருள்? இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் எழுப்ப வேண்டும். மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிகள் கதவுக்கு 900 மில்லிமீட்டர் திறப்பு கேட்கின்றன, அதாவது சுமார் 3 அடி. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை (மாற்றுத்திறனாளிகள் போய்வர ஏற்ற கதவு, சாய்தளம் போன்றவற்றின் அளவுகளை) வெறும் பரிந்துரையாக வைத்திருந்த, இதே சட்டத்தின் கீழ் வகுத்த 15-ஆம் விதி, சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாயத் தரங்களை வகுக்க உத்தரவிட்டது. தனி வீட்டுக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அதிகாரிக்குப் புரியும்.

மனு அந்த அண்ணன் பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும். உங்கள் மதிப்பீட்டு அறிக்கை இணைப்பாக இருக்கட்டும். ஒப்பந்தப் பணியில் இருக்கும் உங்களுக்கு அதுதான் பாதுகாப்பு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு பிரதி. அசையவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். அவர் ஒரு துறைக்குப் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை அந்தத் துறை 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 81-ஆம் பிரிவு சொல்கிறது.

மனுவில் இரண்டு கோரிக்கை வையுங்கள். அவர் வீட்டுக் கதவு ஒன்று. இனி கட்டும் வீடுகளின் மாதிரி வரைபடம் இன்னொன்று. முதலாவதை மட்டும் கேட்டால் இரக்கப்பட்டுச் செய்து முடித்துவிடுவார்கள், அடுத்த தெருவில் மறுபடி 2 அடிக் கதவு ஏறும்.

ஒன்றிய ஓவர்சியர்

பொறியியல் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. கட்டும்போதே 3 அடிக் கதவு வைத்தால் கூடுதல் செலவு பெரிதில்லை. கட்டி, ஓடு பதித்த பிறகு இடித்து வைப்பதுதான் செலவு. ஆனால் வரைபடத்தில் இல்லாததை நாங்களாகச் செய்தால் தணிக்கையில் கேட்பார்கள். அதனால் மேலே கேட்பதே சரி.

வாசல் படியைத் தாண்ட வண்டிக்குச் சாய்தளம் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். 1-க்கு 12 சாய்வு (1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம்) என்றால் ஒன்றரை அடிக்கு 18 அடி நீளம் வேண்டும். சின்ன மனையில் நேராக 18 அடி கிடைக்காது, பக்கச் சுவரை ஒட்டித் திருப்பித்தான் கொண்டுவர வேண்டும், திருப்பத்தில் வண்டி நிற்கச் சமதளம் விட வேண்டும். வீட்டை மனையில் எங்கே நிறுத்துவது என்று கயிறு பிடிக்கும் அன்றைக்கே இதை முடிவு செய்ய வேண்டும். பயனாளி மாற்றுத்திறனாளி என்றால் கயிறு பிடிக்கும் முன் ஒரு ஓ.டி. வந்து பார்க்க வேண்டும் என்று விதி இருந்தால் எங்களுக்கே நிம்மதி. இதையும் மனுவில் சேருங்கள்.

சக்கரத்தில் 20 வருஷம்

நான் வீல்சேர்க்காரன். தங்கச்சி, உங்கள் அக்கறை புரிகிறது, மனசு நிறைந்தது. ஒன்று கேட்கிறேன்: தண்ணீர் குடிக்காத விஷயம், சேலை மறைப்பு இதெல்லாம் கலெக்டர் மேஜைக்குப் போவது அந்த அண்ணனுக்குச் சம்மதமா? எந்த வரி இருக்கலாம், எந்த வரி வேண்டாம் என்று அவரே சொல்லட்டும். மனு கொடுக்கும் அன்றைக்கு அவரையும் அழைத்துப் போங்கள், வண்டிக்கு ஏற்பாடு செய்து. சென்னையில் தாழ்தளப் பேருந்துக்காக மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயல்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக வழக்கு நடத்தினார். பேருந்தில் ஏற முடியாத நாங்கள் பலர் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் நின்றோம். நிபுணர் அறிக்கை வேண்டும், ஆனால் முன்னால் நாங்கள் இருக்க வேண்டும்.

கிராம சபையையும் விடாதீர்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் கூடுகிறது. அங்கே தீர்மானம் போட்டால் ஊரே கேட்டதாக ஆகும். பாட்டி வீட்டுக்காரர்களும் வருவார்கள்.

காவிரிக்கரை ஓ.டி.

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் போனில் பேசினேன். சேலை விஷயம் வேண்டாம், தண்ணீர் விஷயம் எழுதலாம் என்றார். மகள்தான் மனுவை எழுதப் போகிறாள். கயிறு பிடிக்கும் முன் ஓ.டி. பார்வை என்ற யோசனையைத் தனிப் பத்தியாகச் சேர்க்கிறேன். ஓவர்சியர் சார், திருப்பத்தில் விட வேண்டிய சமதளத்தின் அளவு என்ன? 1500 மில்லிமீட்டர் போதுமா? படம் வரைந்து இணைக்க வேண்டும்.