ஜாக்கிக்குத் தமிழ்ச்சொல் தேவையா? சுமைதாங்கி என்றொரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

வண்டியை அடியிலிருந்து உயர்த்தும் கருவியான ஜாக்கிக்கு ஈடாகப் பளுதூக்கி, பாரந்தூக்கி, உயர்த்தி ஆகிய மூன்று சொற்கள் முந்தைய மடல்களில் முன்வைக்கப்பட்டுள்ளன. அகராதியில் அருகருகே வைத்துப் பார்த்தால் மூன்றும் பொருந்துவதுபோலவே தோன்றும். ஆனால் வண்டிப் பழுதுபார்ப்புக் கைந்நூலில் ஒரு வேலையை முழுவதுமாக எழுதிப் பார்க்கும்போதுதான் ஒரு சொல் தன் சுமையைத் தாங்குமா என்பது தெரியவரும். ஆகவே அமெரிக்காவில் ஓடும் ஃபோர்டு எஃப்-350 போன்ற எடைமிகுந்த பிக்கப் வண்டியின் சஸ்பென்ஷன் வேலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்சொற்களை உரசிப் பார்க்கிறேன். (சஸ்பென்ஷன் என்பது சக்கரங்களின் அதிர்வு வண்டிக்கு ஏறாமல் தாங்கும் விற்களும் அவற்றைச் சார்ந்த உறுப்புகளும் சேர்ந்த அமைப்பு. அதை இயந்திர மொழிபெயர்ப்புகள் 'இடைநீக்கம்' என்று எழுதி, வண்டியை வேலையிலிருந்து நீக்கிவிடுகின்றன. அதற்குரிய சொல்லைத் தனி இழையில் பேசுவோம்.)

டீசல் எஞ்சினும் நான்கு கதவுகளும் கொண்ட இவ்வகை வண்டி, சரக்கு ஏற்றாமலே ஏறத்தாழ மூன்றரை டன் எடை இருக்கும். நான்கு சக்கர உந்துதல் உள்ள வண்டியில் முன்புறம் ஒரே தண்டாக அமைந்த அச்சும் சுருள்விற்களும் இருக்கும். பின்புறம் பட்டைவிற்கள் இருக்கும். முன்பகுதியை மட்டும் உயர்த்தும்போது ஜாக்கியின்மேல் விழும் எடை இரண்டு டன் அளவில் இருக்கும் என்பதால், 3 டன் ஜாக்கி போதும் என்று கணக்கிடத் தோன்றும். அமெரிக்க ஜாக்கிகளில் டன் என்பது 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ என்பதால் 3 டன் என்பது 2,722 கிலோ ஆகிறது. எடையைப் பொறுத்தவரை அது போதுமானதே. இடர்ப்பாடு உயரத்தில் இருக்கிறது. வண்டியின் சட்டகமே தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் இருக்க, கார்களுக்கென விற்கப்படும், சிறு உருளைச் சக்கரங்கள் வைத்த 3 டன் ஜாக்கிகள் பலவற்றின் உச்ச உயரமும் அவ்வளவுதான். சட்டகத்தைத் தொடுவதற்குள்ளாகவே ஜாக்கி தன் வேலையை முடித்துவிடும். மேலும் சட்டகத்தை உயர்த்த உயர்த்த விற்கள் நீண்டுகொடுப்பதால், சக்கரம் தரையை விட்டு எழுவதற்கு இன்னும் பல அங்குலம் ஏற்ற வேண்டியிருக்கும். அச்சின் அடியில் ஜாக்கி போட்டால் சக்கரம் உடனே எழும் என்பது உண்மையே. ஆனால் அப்போது விற்கள் அமுங்கியே இருக்குமாதலால், டயர் மாற்றலாமே தவிர வில்லைக் கழற்ற முடியாது. குறைந்த உயரத்தை ஈடுகட்ட ஜாக்கியின் தலைமேல் மரக்கட்டைகளை அடுக்குவோர் உண்டு. கட்டை வழுக்கினால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இந்த வேலைக்கு ஜாக்கி தேர்ந்தெடுப்பவர் டன்னுக்கு முன்பாகத் தாழ்நிலை உயரத்தையும் உச்ச உயரத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு ஜாக்கி மட்டும் போதாது. முதல் ஜாக்கி சட்டகத்தை உயர்த்துகிறது. இரண்டாவது ஜாக்கி அச்சின் அடியில் நின்று, ஷாக் அப்சார்பரைக் கழற்றும்போது அச்சு திடீரென விழுந்து பிரேக் குழாயை இழுத்துவிடாமல் மெல்ல இறக்கிக்கொடுக்கிறது. இங்கே கவனியுங்கள்: இரண்டாவது ஜாக்கியின் முதன்மையான வேலை தூக்குவதன்று, இறக்குவது. 'பளுதூக்கியைக் கொண்டு அச்சை இறக்குக' என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் விளையாட்டு வீரர்தான் வந்து நிற்பார். பாரந்தூக்கி என்பது மேலிருந்து இழுக்கும் கிரேனுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. எஞ்சினைக் கழற்றும் நாளில் அதே பட்டறைக்கு அதுவும் வந்து நிற்கும். உயர்த்தி குற்றமற்ற சொல்லே. எனினும் 'ஜாக்கி போடு' என்பதற்கு ஈடாக 'உயர்த்தி போடு' என்று எந்த மெக்கானிக்கும் சொல்லப்போவதில்லை. சாலை மட்டம் உயர்ந்து பள்ளத்தில் போன வீடுகளைத் தமிழ்நாட்டில் உயர்த்துகிறவர்களும், அதைச் செய்தியாக எழுதுகிறவர்களும், 'ஜாக்கி' என்றே சொல்கிறார்கள். குதிரைப் பந்தய ஜாக்கியோடு குழம்பும் என்ற மறுப்பையும் படித்தேன். வண்டிக்கு அடியில் குதிரை வீரனைத் தேடுபவர் எவரும் இலர். ஆகவே ஜாக்கி ஜாக்கியாகவே இருக்கட்டும்; குப்பி ஜாக்கி, கத்தரி ஜாக்கி, உருளை ஜாக்கி என அடைமொழிகளை மட்டும் தமிழில் அமைத்துக்கொள்வோம்.

நமக்கு உண்மையில் இல்லாத சொல் வேறொன்று. ஜாக்கியால் உயர்த்திய பிறகு வண்டியைத் தாங்கி நிற்கும் அந்த இரும்பு முக்கோணக் கால்களை அமெரிக்கர்கள் 'ஜாக் ஸ்டாண்ட்' என்றும் பிரிட்டன்காரர்கள் 'ஆக்சில் ஸ்டாண்ட்' என்றும் சொல்கிறார்கள். இரண்டு பெயர்களுமே வழிதவறச் செய்பவை. அது ஜாக்கியை நிறுத்தும் தாங்கி அன்று. ஜாக்கியை நம்பக்கூடாது என்பதற்காக வைக்கப்படுவது. சஸ்பென்ஷன் வேலையில் அது நிற்பது அச்சின் அடியிலும் அன்று, சட்டகத்தின் அடியில். 'ஜாக்கி நிலை', 'அச்சுத் தாங்கி' என்ற நேர்மொழிபெயர்ப்புகளை ஏற்றால் அந்தக் குழப்பங்களையும் சேர்த்தே இறக்குமதி செய்வோம்.

நான் முன்மொழிவது: சுமைதாங்கி. சாலையோரங்களில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி வைத்திருப்பார்களே, அதே சொல். அந்தக் கல் எதையும் தூக்குவதில்லை. வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைத்தால் அசையாமல் தாங்குகிறது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஜாக்கியோ, அடைப்பு வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் மெல்லத் தாழ்ந்துவிடும். அதனால்தான் அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது. 'தாங்குகால்' என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். வண்டியோடு இணைந்த உறுப்புபோல ஒலிப்பதால் விட்டுவிட்டேன்.

பேரிங்கைத் தாங்கி என்று எழுதுகிறோமே என்ற மறுப்பு வலுவானது. சக்கரத் தாங்கியைக் கழற்றும்போது சுமைதாங்கி அடியில் நிற்குமாதலால், ஒரே பத்தியில் இரண்டும் வரத்தான் செய்யும். சுமைதாங்கியை ஒருபோதும் 'தாங்கி' என்று சுருக்காமல் எழுதினால் இதைச் சமாளிக்கலாம் என்பது என் கருத்து.

இதன் உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். 2020-இல் அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுமைதாங்கிகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. நடுத்தண்டின் பற்களில் தடுப்பு நாக்கு முழுமையாகப் பொருந்தாமல், சுமை அசைந்தால் தண்டு திடீரென இறங்கிவிடக்கூடும் என்பதே காரணம். அந்த இரண்டு உறுப்புகளுக்கும் பல்தண்டு, தடுப்புநாக்கு என்று எழுதியிருக்கிறேன். சுமைவரம்பு ஒன்றுக்கா, இணைக்கா என்பதும் பொருளுக்குப் பொருள் வேறுபடுவதால், 'இணைச் சுமைவரம்பு' என்றொரு தனிச்சொல்லும் தேவைப்படுகிறது. தடுப்புநாக்கைவிடப் பொருத்தமான சொல் பட்டறை வழக்கில் இருந்தால், கேட்டவர்கள் எழுதியனுப்புங்கள், மாற்றிக்கொள்கிறேன்.