பழைய பெடல் ஸ்டீல் கிதாரில் இன்னொரு முழங்கால் நெம்பு சேர்க்கலாமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
ஆலயப் பாடகர் குழுவில் நெடுங்காலம் வாசித்த என் பெரியப்பா விட்டுச் சென்ற பத்துத் தந்தி பெடல் ஸ்டீல் கிதாரை வெளியே எடுத்திருக்கிறேன்; காலால் மிதிக்கும் பெடல்களும் முழங்காலால் தள்ளும் நெம்புகளும் தந்திகளின் சுருதியை மாற்றும் வகை அது. ஈ9 என்னும் வழக்கமான சுருதியமைப்பில் மூன்று பெடல்களும் ஒரே முழங்கால் நெம்பும் உள்ளன. ஏ பெடலை மிதித்தால் ஐந்தாம், பத்தாம் தந்திகள் பி-யிலிருந்து சி ஷார்ப்புக்குச் சரியாக ஏறுகின்றன. காலை எடுத்தபின் முழுதாக இறங்காமல் சற்று மேலேயே நின்றுவிடுகின்றன. அத்துடன், நான்காம், எட்டாம் தந்திகளின் ஈ-யை அரைச்சுரம் இறக்க இன்னொரு நெம்பு வைக்க ஆசை. வண்ணார்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்காரர் அடியில் துளையிட்டுப் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில் (தூத்துக்குடி):
அண்ணாச்சி, துளையிடுவதைத் தள்ளி வையுங்கள். கிதாரைக் கவிழ்த்து, பெடலின் அசைவைத் தந்திக்குக் கடத்தும் இழுகம்பிகளின் நுனியிலுள்ள நைலான் நட்டுகளைக் கம்பி லேசாக ஆடும் அளவுக்குத் தளர்த்துங்கள். பிறகு பெடலைத் தொடாமல் தந்திகளைக் கீயால் சுருதி சேர்த்து, அதன்பின் பெடலை மிதித்தபடி ஏறிய சுரத்தை நைலான் நட்டால் சரிசெய்யுங்கள். நட்டு அளவுக்கு மீறி இறுகியிருந்தால், சேஞ்சரில் (தந்திகளை இழுத்தும் தளர்த்தியும் சுருதி மாற்றும் பொறி) அந்தத் தந்தியைத் தாங்கும் விரல் போன்ற பாகம் தன் ஓய்விடத்துக்குத் திரும்ப முடியாது. உங்கள் குறை பெரும்பாலும் இதுவே. அப்படியும் சரியாகாவிட்டால் உள்ளே பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருக்கும். லைட்டர் திரவத்தில் நனைத்த தூரிகையால் அதைக் கழுவி, அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். கிரீஸ் வேண்டவே வேண்டாம். எங்கள் ஊர்த் தூசியில் அது ஓராண்டில் களிம்பாகிவிடுகிறது.

பதில் (வள்ளியூர்):
நீங்கள் கேட்கும் அந்த ஈ-யின் அரைச்சுர இறக்கம் இல்லாத ஈ9 எனக்குப் பாதி வாத்தியமாகவே தோன்றும். ஆகவே நெம்பு வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் உயர்த்திய தந்தியைத் தந்தியின் இழுவிசையே திரும்பக் கொண்டுவரும்; இறக்கிய தந்தியை ஸ்பிரிங்தான் மீட்க வேண்டும். அந்த ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சி பெடல் நான்காம் தந்தியை உயர்த்தும்போது இறக்கும் பாகமும் சேர்ந்து அசைந்து சுருதி கெடும். மிகக் கடினமாக இருந்தால் முழங்கால் வலிக்கும். எனவே அவ்விரு தந்திகளுக்கும் சேஞ்சரில் இறக்கும் கம்பிக்கான துளையும் ஸ்பிரிங்கும் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். நெம்பின் இடத்தை நீங்கள் வாசிக்கும் நாற்காலியிலேயே அமர்ந்து கிளாம்ப் வைத்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

கேட்டவர்:
நட்டுகளைத் தளர்த்தியதும் ஐந்தாம் தந்தி சரியாக இறங்கிவிட்டது. பத்தாவதற்குக் கழுவுதல் தேவைப்படும். சேஞ்சரில் இரண்டு துளைகளும் இருக்கின்றன. எட்டாம் தந்திக்கு ஸ்பிரிங் இருக்கிறது. நான்காவதன் ஸ்பிரிங் பெட்டியின் அடியில் கழன்று கிடந்தது. இடப்பக்கம் மெழுகு பூசி அடைத்த இரண்டு திருகுத் துளைகளும் தென்பட்டன. பெரியப்பாவே அங்கு ஒரு நெம்பு வைத்திருந்திருக்க வேண்டும். புதிதாகத் துளையிடாமல், அந்த இடத்துக்கே அளவெடுத்துப் பட்டறையில் கொடுக்கப்போகிறேன்.