புதுப்பிப்பு: செவ்வாய்ப்பேட்டை மண்டியின் பழைய கணினிகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் மளிகை மண்டியிலுள்ள மூன்று பழைய கணினிகளில் எந்த இயங்குதளம் போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததால் வந்த கேள்வி. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதல் கணினியின் செயலி இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ஐ5. அதற்கு லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 13. இன்டெல் சில்லுகளில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 பொதுவாக ஏற்கும். தடையைத் தாண்ட வழி உண்டு. பில் போடும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இரண்டாவது கணினியிலுள்ள இன்னும் பழைய கோர் 2 டுவோ செயலியில் அந்த வழியும் செல்லாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுண்ட் என்ற கட்டளை செயலியிலேயே இருக்க வேண்டும். கோர் 2 வரிசையில் அது கிடையாது. அமைப்பை எப்படி மாற்றினாலும் சில்லில் இல்லாதது வந்துவிடாது! டெபியனின் 64 பிட் பதிப்போ முதல் தலைமுறை 64 பிட் செயலி இருந்தாலே போதும் என்கிறது. அதையே போட்டோம், நன்றாக ஓடுகிறது.

அப்புறம் மூன்றாவது, அந்த 32 பிட் பென்டியம் 4. ‘லினக்ஸ் எதிலும் ஓடும்’ என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான நிறுவியும் இல்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் இல்லை. நான் நெட்பிஎஸ்டி என்ற வேறொரு இலவச இயங்குதளம் போட்டேன், பென்டியத்துக்கும் முந்தைய 486 செயலியிலிருந்தே ஏற்கும்.

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை அதில் இணைப்பதுதான் பாக்கி.